சாறும் சக்கையும்: டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பாவை நாம் ஏன் மீண்டும் படிக்க வேண்டும்?

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் டி. கல்லுப்பட்டி. 1940-ல் வேங்கடாசலபதி இங்கே நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்டுச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், சென்னையில் மறைந்தார். அதனால் ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாள் இன்னொரு நினைவு நாளின் நிழலிலேயே கடந்துவிடுகிறது. நினைவுகூர்பவர்களும் அவரை இயற்கை வளம் காக்கச் சொன்ன முன்னோடியாக மட்டுமே நினைவுகூர்கிறார்கள்.

தலித் இயக்கங்களில் காந்தியர் எவரைப் பற்றிய பேச்சும் 1932-ன் பூனா ஒப்பந்தத்தில் தொடங்கி அங்கேயே முடிவது வழக்கம். அந்த வழக்கத்திற்கு நியாயமான காரணம் உண்டு. அதை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் இன்று நம் அமைப்புகளை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்குக் குமரப்பாவின் வாழ்க்கையில் பாதி விடை கிடக்கிறது. கல்லூரி முடித்து ஆர்வத்தோடு இயக்கத்துக்கு வரும் இளைஞர்கள் ஏன் ஓரிரு ஆண்டுகளில் களைத்து வெளியேறுகிறார்கள்? சேர்ந்து செய்யும் வேலை சிறப்பாகவும், செய்பவருக்கு மகிழ்ச்சி தருவதாகவும் அமையத் தலைமை என்ன செய்ய வேண்டும்? பெருநிறுவனங்கள் இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. தலைவர்கள் புன்னகைக்கவும் பாராட்டவும் கற்றுத்தரப்படுகிறார்கள். நம் இயக்கங்களோ தியாகத்தைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டுமே வேலை எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. குமரப்பா கேட்டார்.

ஒரே ஆசிரியரின் இரு மாணவர்கள்

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த குமரப்பாவின் இளமைப் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காயர் படிப்பை முடித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் பயின்றார். கொலம்பியாவில் அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் எட்வின் செலிக்மன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே செலிக்மனிடம் அதே துறையைப் பயின்ற இன்னொரு இந்தியர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆங்கிலேய அரசு இந்தியர்களிடம் எவ்வாறு வரி பெற்று எதற்குச் செலவிட்டது என்பதையே இருவரும் ஆராய்ந்தார்கள். இருவரும் கணக்கேடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரத்தை விசாரித்தவர்கள். பின்னாளில் அவர்கள் நடந்த பாதைகள் வேறானாலும், தொடக்கம் ஒன்றாக இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

தம் ஆய்வைக் காட்டுவதற்காக 1929 மே மாதம் சபர்மதி சென்ற குமரப்பா, மேலைநாட்டு உடையில் இருந்தார். சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவர் முன்னால், இறுக்கமான கால்சட்டையோடு சிரமப்பட்டுத் தரையில் அமர்ந்தார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பலரும் அறிந்த காட்சி. அந்தச் சந்திப்புக்குப் பிறகு அவர் பம்பாய்த் தொழிலைத் துறந்தார்; குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார்; இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கணக்கெடுப்பில் கற்ற பாடம்

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் பெரிய பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்தின் பொருளாதார நிலையை ஆய்வது. நிலவரியைத் தாங்கும் நிலையில் அங்குள்ள உழவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. குழுவின் தலைவருக்கோ குஜராத்தி தெரியாது.

இந்தக் குறையே அந்தக் குழுவின் அமைப்பை மாற்றியது என்று நாம் கருதுகிறோம். மொழி தெரிந்த மாணவர்களே மக்களிடம் பேசினார்கள். வீடு வீடாகச் சென்று வருமானம், கடன், கால்நடை, விளைச்சல் ஆகியவற்றைக் கேட்டு எழுதினார்கள். எண்களை எவ்வாறு சேகரிப்பது, எவ்வாறு சரிபார்ப்பது என்பதைக் குமரப்பா கற்பித்தார். மாணவர்கள் கொண்டுவரும் உண்மையை நம்பித்தான் அவரும் எழுத முடியும். தலைவருக்குத் தெரியாத ஒன்று உறுப்பினர்களுக்குத் தெரியும் என்பது அங்கே மறைக்க முடியாத உண்மை. அத்தகைய குழுவில் எவரும் வெறும் கையாளாக இருக்க முடியாது. 1931-ல் வெளியான மாத்தர் ஆய்வறிக்கை, இந்தியக் கிராமப் பொருளாதாரக் கள ஆய்வுகளில் முன்னோடியாக இன்றும் மதிக்கப்படுகிறது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நிவாரணக் குழுவின் கணக்குகளைக் குமரப்பா பொறுப்பேற்றார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்கள் என்று அவர் வரம்பு விதித்தார். காந்தி தம் குழுவினருடன் பாட்னா வந்தபோது, அவர்களுடைய உணவுக்கும் பயணத்துக்கும் ஆகும் கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலரிடம் தெரிவித்துவிட்டார். தொண்டருக்கு ஒரு விதி, தலைவருக்கு வேறு விதி என்பது அவருடைய பேரேட்டில் இல்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குமரப்பா இனிமையாகப் பழகுவதால் பெயர் பெற்றவர் அல்லர். முன்கோபி, நேரம் தவறுவோரைச் சகிக்காதவர், கண்டிப்பானவர். ஆயினும் அவரோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். தலைவரின் முகத்தில் சிரிப்பு இருந்தால்தான் குழுவில் மகிழ்ச்சி இருக்கும் என்பது முழு உண்மையன்று. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் இடத்தில் கண்டிப்பைப் பலராலும் தாங்க முடிகிறது. ஆளுக்கொரு விதி நிலவும் இடத்தில் தலைவரின் கனிவுகூட அவமதிப்பாகவே உணரப்படுகிறது.

மகன்வாடியில் வேலையின் இரு கூறுகள்

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. காந்தியின் வழிகாட்டுதலில் இயங்கிய அதற்குக் குமரப்பா அமைப்பாளரும் செயலாளரும் ஆனார். வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமையகமாயிற்று. நெல் குற்றுதல், மாவரைத்தல், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், வெல்லம் காய்ச்சுதல், கையால் காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல் எனக் கிராமங்களில் அழிந்துகொண்டிருந்த தொழில்களை அங்கே ஆராய்ந்து, கருவிகளைத் திருத்தி, வெளியூர்களிலிருந்து வந்தோருக்குப் பயிற்சி அளித்தார்கள்.

செக்கைத் திருத்தியமைக்கப் பாடுபட்டவர் ஜவேர்பாய் படேல். காகிதத் தொழிலை ஆராய்ந்தவர் கே.பி. ஜோஷி. சங்கம் வெளியிட்ட எண்ணெய் நூல் படேலின் பெயரிலும், காகித நூல் ஜோஷியின் பெயரிலும் வந்தன. செய்தவர் பெயர் செய்த வேலையோடு நின்றது. சிறிய செய்திதான். ஆனால் அறிக்கையை ஒருவர் எழுதி, அதில் இன்னொருவர் பெயர் அச்சாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது சிறியதாகத் தோன்றுவதில்லை.

மகன்வாடியில் கிடைத்த பட்டறிவிலிருந்து வேலையைப் பற்றிய ஒரு கோட்பாட்டைக் குமரப்பா வளர்த்தெடுத்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் அது விரிவாக உள்ளது. அதன் சாரத்தை நம் சொற்களில் இவ்வாறு கூறலாம்: எந்த வேலையிலும் இரு கூறுகள் உண்டு. ஒன்று, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, உடலை வருத்தும் கூறு. மற்றொன்று, சிந்திக்கவும் தீர்மானிக்கவும் உருவாக்கவும் இடம் தந்து மனத்தை மலரச் செய்யும் கூறு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போதுதான் வேலை மனிதரை வளர்க்கும். ஆனால் வலிமை படைத்தோர் எக்காலத்திலும் இவ்விரண்டையும் பிரித்து, இன்பத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு வருத்தத்தைப் பிறர் தலையில் சுமத்தினார்கள். பண்டைய அடிமை முறையும் நவீன ஆலையும் இந்தப் பிரிவினையின் வெவ்வேறு வடிவங்கள். சாறு ஒருவருக்கு, சக்கை இன்னொருவருக்கு என்றான பிறகு, சக்கையை மென்றுகொண்டிருப்பவரிடம் உற்சாகமாக வேலை செய் என்று சொல்வதில் பொருளில்லை.

வேலை செய்பவர் ஏன் மகிழ்ச்சியாக இல்லை என்ற கேள்வியைக் குமரப்பா மனநிலைப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. பங்கீட்டுப் பிரச்சினையாகப் பார்த்தார். அவருடைய வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே.

1936: அவர் காணாத பாதி

குமரப்பாவின் 'கிராம இயக்கம் ஏன்?' என்ற நூல் வெளிவந்த ஆண்டு 1936. லாகூரில் பேச அழைக்கப்பட்டு, பின்னர் கூட்டமே கைவிடப்பட்டதால், அம்பேத்கர் தம் உரையைச் 'சாதியை அழித்தொழித்தல்' என்ற நூலாகத் தாமே அச்சிட்டதும் அதே ஆண்டுதான். செலிக்மனின் இரு மாணவர்களும் ஒரே ஆண்டில் உழைப்பைப் பற்றி எழுதினார்கள்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் நிறுவினார். பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும்போது, திறமைக்கும் விருப்பத்துக்கும் இடமில்லை. இழிவெனக் கருதப்படும் தொழிலில் கட்டிவைக்கப்பட்டவர் அதிலிருந்து தப்பவே விரும்புவார். மனமும் அறிவும் ஒன்றாத வேலையில் திறன் பிறக்காது. ஆகவே பொருளாதார அமைப்பு என்ற அளவிலும் சாதி தீங்கானது என்பது அவர் வாதம். வேலையில் திறனும் மகிழ்ச்சியும் ஏன் ஒருங்கே அழிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

சாற்றையும் சக்கையையும் பிரித்தவர்களைத் தேடிக் குமரப்பா ரோமாபுரிக்கும் மேலைநாட்டு ஆலைகளுக்கும் சென்றார். ஆனால் இந்தியக் கிராமத்தில் அந்தப் பிரிவினை ஆலை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊர் என்றும் சேரி என்றும் தெரு பிரித்து நடந்து முடிந்திருந்தது. செத்த மாட்டை இழுப்பவரும், தோலைப் பதனிடுபவரும், பறையடித்துச் சாவுச் செய்தி சொல்பவரும், மலம் அள்ளுபவரும் யார் என்பதைக் கிராமம் முன்னரே முடிவு செய்திருந்தது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க வேண்டும் என்ற குரல்களை அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பது இங்கே விளங்கும். கிராமத்தைப் புதுப்பிக்க விரும்பியவர்களுக்கும் கிராமத்திலிருந்து தப்ப விரும்பியவர்களுக்கும் கிராமம் ஒன்றாக இருக்கவில்லை.

பொருளாதாரத்தைக் குமரப்பா ஐந்து படிகளாக வகுத்தார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி முதல் படி. கூட்டத்துக்காக உழைக்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் சேவை உச்சிப் படி. படிக்க அழகான வரிசைதான். ஆனால் கைம்மாறு கேட்காத சேவை என்ற சொல்லைச் சேரியில் நின்று கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறின்றிச் சேவை செய்யும்படி விதிக்கப்பட்டவர்களுக்கு அது உச்சிப் படியன்று, அடிப்படியே. விரும்பி ஏற்கும் சேவைக்கும் பிறப்பால் சுமத்தப்படும் ஊழியத்துக்கும் இடையில் ஒரு கோடு உண்டு. மறுக்கும் உரிமையே அந்தக் கோடு. மறுக்க முடியாத இடத்தில் சேவையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

மகன்வாடியிலேயே இதற்கு ஒரு சிறிய சான்று உண்டு. பொதுச் சமையலறையில் கரி பிடித்த பாத்திரங்களைத் தேய்க்கும் முறை ஒரு நாள் காந்திக்கும் குமரப்பாவுக்கும் வந்தது. இருவரும் சாம்பலும் மண்ணும் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரிபா வந்து, இது உங்கள் வேலையல்ல என்று கடிந்து, காந்தியின் கையிலிருந்த பாத்திரத்தைத் தாமே வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். இதை நகைச்சுவையாகச் சொல்வது மரபு. நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். முறை வைத்து வேலையைப் பங்கிட்ட ஆசிரமத்திலும், கண நேரத்தில் அந்தப் பாத்திரம் அது வழக்கமாக இருக்கும் கைக்கே திரும்பிவிட்டது. தலைவரின் நல்லெண்ணம் ஒரு நாளைக்கு முறையை மாற்றும். வழக்கத்தை மாற்ற அது மட்டும் போதாது.

உழுபவர் யார் என்ற சட்டக் கேள்வி

நல்லெண்ணத்தைத் தாண்டி விதியை நோக்கிக் குமரப்பா நகர்ந்த இடமும் உண்டு. சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு அதுவே முக்கியமானது. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-ல் அளித்த அறிக்கையில் அக்குழு இடைத்தரகர்களை ஒழிக்கவும், நிலம் உழுபவருக்கே சேரவும், நில உடைமைக்கு உச்சவரம்பு விதிக்கவும் பரிந்துரைத்தது. அதில் ஒரு வரையறை இன்றும் கூர்மை குன்றாதது. நிலத்தில் குறைந்த அளவேனும் உடலுழைப்பைச் செலுத்தி, சாகுபடி வேலைகளில் நேரடியாகப் பங்கேற்பவரையே சொந்தமாகப் பயிர்செய்பவர் எனக் கொள்ள வேண்டும் என்றது அக்குழு.

மகன்வாடியின் கோட்பாடுதான் இங்கே சட்ட மொழியில் வருகிறது. சக்கையைச் சுமக்காதவருக்குச் சாற்றில் உரிமையில்லை. ஆனால் பின்னர் மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் பலவற்றில், கூலியாட்களை வைத்து மேற்பார்வை செய்வதும் சொந்தச் சாகுபடியே என்றாயிற்று. வரப்பில் குடை பிடித்து நின்றவர் உழுபவரானார். சேற்றில் இறங்கிய பெரும்பாலான தலித் கூலித் தொழிலாளர்கள் குத்தகைதாரராகக்கூடப் பதிவாகாததால் சட்டத்தின் கண்ணில் படவேயில்லை. குமரப்பா பிறந்த 1892-ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்த நிலங்களை மீட்க நாம் இன்றும் வழக்காடுகிறோம். உழைப்பவரே உரியவர் என்ற வரையறை ஒரு சொல்லில் தளர்த்தப்படும்போது எத்தனை தலைமுறைகள் தோற்கின்றன என்பதை வழக்குக் கட்டுகள் காட்டுகின்றன.

கல்லுப்பட்டியின் இறுதி ஆண்டுகள்

உடல்நலம் குன்றிய நிலையில், 1950-களில் குமரப்பா டி. கல்லுப்பட்டிக்கு வந்தார். டெல்லியின் திட்டங்கள் அவர் எதிர்த்த திசையில் சென்றுகொண்டிருந்தன. பதவி எதையும் அவர் நாடவில்லை. ஆசிரமத்தில் சிறிய குடிலில் எளிமையாக வாழ்ந்தார். அவருடைய அறையில் ஏழை உழவர் ஒருவரின் படம் இருந்தது. காந்தி தம் தலைவர் என்றும், இந்த உழவரே தம் தலைவருக்கும் தலைவர் என்றும் வருவோரிடம் அவர் விளக்குவாராம்.

அவர் கல்லுப்பட்டியில் வாழ்ந்த அதே ஆண்டுகளில், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்டதே அவர் செய்த குற்றம். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. தென் மாவட்டக் கிராமம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று நம்பியிருந்த எவருக்கும் அந்த ஆண்டு ஒரு மறுப்பு. சுவரில் தொங்கிய உழவருக்குத் தலைமை தருவது எளிது. தெருவில் நடந்து வரும் தலித் தலைவரைத் தலைவராக ஏற்பதே கடினம்.

நமக்கான கேள்விகள்

2013-ல் இயற்றப்பட்ட சட்டம் மனிதர் மனிதக் கழிவை அகற்றுவதைத் தடை செய்தது. சாக்கடைக் குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. குழிக்குள் இறங்குபவரின் சாதி மாறவில்லை. தூய்மைப் பணியாளருக்குச் சால்வை போர்த்தி, காலைக் கழுவி மரியாதை செய்யும் விழாக்கள் பெருகியுள்ளன. பங்கீட்டை மாற்றாமல் மனநிலையை மட்டும் மாற்ற முயலும் தலைமை இப்படித்தான் இருக்கும்.

இதை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நம் கூட்டங்களில் நாற்காலி போடுபவர் யார், மேடையில் அமர்பவர் யார்? உண்மை அறியும் குழுவில் பேருந்து மாறி ஊர் ஊராக அலைந்து வாக்குமூலம் சேகரிப்பவர் யார், செய்தியாளர் சந்திப்பில் அதை வாசிப்பவர் யார்? பெண் தோழர்கள் தேநீர் கொடுத்த கூட்டங்களில் பெண் விடுதலைத் தீர்மானம் எத்தனை முறை நிறைவேறியிருக்கிறது? மாணவர் அமைப்பில் ஓர் ஆண்டு முழுவதும் சுவரொட்டி ஒட்டியவரை, அந்தச் சுவரொட்டியின் வாசகம் முடிவாகும் கூட்டத்துக்கு அழைத்தோமா? இந்தக் கேள்விகளில் நாம் குற்றவாளிக் கூண்டிலும் நிற்கிறோம்.

குமரப்பாவிடமிருந்து நாம் மூன்று நடைமுறைகளைப் பெறலாம்: வருத்தும் வேலையை முறை வைத்துத் தலைவர் உட்பட எல்லோரும் செய்வது, செய்தவர் பெயரைச் செய்ததோடு நிறுத்துவது, கணக்கில் எல்லோருக்கும் ஒரே விதி வைப்பது. அம்பேத்கரிடமிருந்து நான்காவதைச் சேர்க்க வேண்டும். இவை தலைவரின் பெருந்தன்மையால் கிடைக்கும் சலுகைகளாக இருக்கக் கூடாது. உறுப்பினர் கேட்டுப் பெறும் உரிமைகளாக, அமைப்பின் விதிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுக்கவும், முறையிடவும், தலைமையை மாற்றவும் வழியுள்ள குழுவில்தான் ஒருவர் மனமொன்றி வேலை செய்ய முடியும்.

டி. கல்லுப்பட்டி வழியாகச் செல்லும் தோழர்கள் ஒருமுறை காந்தி நிகேதனுக்குச் சென்று பாருங்கள். பிறகு ஊர் திரும்பி, அடுத்த கூட்டத்துக்கான வேலைப் பட்டியலை எழுதும்போது, மிகவும் அலுப்பான வேலைக்கு எதிரே முதலில் தலைவரின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயர் அங்கேயே நிற்கிறதா, அல்லது யாரேனும் வந்து அந்தப் பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள்.